படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?

(நம் சங்கம் நடத்திய கோடைக்கால ஓவியப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐந்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். அதற்குள் முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்ட்டரில் உட்கார்ந்து "அடுத்தது யாருங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாதவன் நான். இப்போதுதான் மைக் கிடைத்திருக்கிறது.

ஓவியப் போட்டியில் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கோலம்கூட நேராக வராது. பி.காம். படித்தவன், பற்று வரவு தெரியும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு பெற்றோர் என்னிடம் வந்தார்கள். எந்த பிளாக் என்று சொல்ல மாட்டேன், தேடாதீர்கள். அவர்கள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நல்ல மதிப்பெண். கவின்கலைக் கல்லூரியில் ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். சேர்க்கைக்கு நாள் நெருங்குகிறது, வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, நீங்க பேங்க்ல எத்தனையோ பேர் கணக்கைப் பார்த்திருப்பீங்க. படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?"

இதற்கு "ஆர்வம் இருந்தால் எல்லாம் கிடைக்கும்" என்று பதில் சொல்பவர்கள் உண்டு. அது பதில் இல்லை. ஆர்வத்தை அடகு வைத்து யாரும் அரிசி வாங்கியதில்லை. "இன்ஜினியரிங் படிச்சிட்டு ஹாபியா வரையட்டும்" என்பதும் பதில் இல்லை. அப்படிப் படித்து, அந்த வேலையும் பிடிக்காமல், வரைவதையும் விட்டவர்களின் சம்பளக் கணக்கு என் கவுன்ட்டருக்கு நிறைய வந்திருக்கிறது. அதனால் நம் ஊரில் படம் வரைந்து வாழ்ந்தவர்கள் எதில் சாப்பிட்டார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தப் பெற்றோரிடம் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. அதியமான் என்றால் நெல்லிக்கனி என்று குழந்தைகள் சொல்வார்கள். அது சரி. ஆனால் புறநானூற்றில் 206-ஆம் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. அதியமான் பரிசில் கொடுக்கத் தாமதித்துவிட்டார். ஔவையார் வாயிற்காவலனைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு மூட்டையைக் கட்டுகிறார். கோடாலி பிடித்த தச்சனின் பிள்ளைகளுக்கு எந்தக் காட்டுக்குப் போனாலும் பிழைப்பு உண்டு, அது மாதிரி எங்களுக்கும் எங்கே போனாலும் உண்டு என்பது அவர் வாதம். இரண்டு பாட்டு தள்ளி, 208. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வருகிறார். அதியமான் அவரை நேரில் பார்க்காமலேயே பரிசை அனுப்பிவிடுகிறார். பார்க்காமல் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை என்று புலவர் மறுத்துவிடுகிறார்.

இரண்டும் நம் தகடூர்க் கணக்குதான். ஒன்று தாமதமான பேமென்ட். இன்னொன்று மதிப்பில்லாத பேமென்ட். கலைஞர்களின் தொல்லை இரண்டாயிரம் வருஷமாக இந்த இரண்டுக்குள்தான் சுற்றுகிறது. நான் சொல்லப்போகிற யாருடைய கதையிலும் இந்த இரண்டும் இருக்கும்.

நம் சென்னராயப் பெருமாள் கோவிலின் மேற்கூரை ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கழுத்தை ஒருமுறை உயர்த்திப் பார்க்கவும், நடந்து போகிற தூரம்தான். அதை வரைந்தவர் பேர் நமக்குத் தெரியாது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நடுகற்களைச் செதுக்கியவர் பேரும் தெரியாது. செத்துப்போன வீரனின் பெயர் கல்லில் இருக்கிறது, உளி பிடித்தவன் பெயர் இல்லை. அவர்களுக்குக் கூலி இருந்தது, பெயர் இல்லை. நம் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் ஆசை இருக்கிறது, கூலியைப் பற்றித்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இப்போது பக்கத்து ஊருக்கு வருவோம். 1965 வரைக்கும் நாம் சேலம் மாவட்டம். நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டம். அந்த நாமக்கல்லில் 1919-இல் பிறந்தவர் சீனிவாசன், பின்னாளில் ஓவியர் சில்பி. பையன் நன்றாக வரைகிறான் என்று கண்டுகொண்டு ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞர் என்றுதான் நமக்குத் தெரியும். அவரும் உருவப்படங்கள் வரைந்து சம்பாதித்தவர். அதாவது, இதில் பிழைப்பு உண்டா இல்லையா என்று சொந்த அனுபவத்தில் தெரிந்த ஒருவர் அந்தப் பையனுக்கு வாய்த்தார். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது வாய்ப்பதில்லை. நாம் எல்லோரும் வாத்தியார், வங்கி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம். நமக்குத் தெரிந்த ஓவியர் எத்தனை பேர்?

சில்பி சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தார். மெரினாவில் நாலு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர்தான் ராய் சௌத்ரி. பிறகு சில்பி ஆனந்த விகடனில் வேலைக்குச் சேர்ந்தார். கோவில் கோவிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களையும் மூர்த்திகளையும் வரைந்தார். "தென்னாட்டுச் செல்வங்கள்" என்று தொடராக வந்தது. அந்த வேலை அவருக்குக் கொடுத்தது இரண்டு: மாதச் சம்பளம், வரைய நேரம். பத்திரிகை முதலாளிக்கு அது செலவுக் கணக்கு, தமிழ்நாட்டுக்கு அது சொத்துக் கணக்கு. இன்று அப்படி ஓவியரை வேலைக்கு வைக்கும் பத்திரிகை எத்தனை இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது சோழமண்டலத்தைப் பற்றி. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் என்று இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் முதலைப் பண்ணைக்குப் போகும் அவசரத்தில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதில் ஓவியத்தைவிடக் கணக்குதான் முதலில் பிடித்தது.

கே.சி.எஸ். பணிக்கர், 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வரைவார். ஆனால் அப்பா இறந்துவிட்டதால் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. தந்தித் துறையில் வேலை பார்த்தார், இன்ஷூரன்ஸ் ஏஜென்டாகவும் இருந்தார். இருபத்தைந்து வயதுக்கு அப்புறம்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். "என் பிள்ளைக்கு வயசாகிவிட்டது, ஒரு வருஷம் வீணாகிவிட்டது" என்று பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்னாளில் அதே பள்ளி கல்லூரியானபோது அதன் முதல்வராகவும் ஆனார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு கவலை வந்தது. நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பை முடித்ததும் என்ன ஆகிறார்கள்? கிடைத்த வேலைக்குப் போகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் தூரிகை காய்ந்துவிடுகிறது. படம் வாங்குகிறவர்கள் அன்றைய சென்னையில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அரசாங்கம் காப்பாற்றும் என்று காத்திருப்பதா? வங்காளத்திலோ பம்பாயிலோ இருப்பது மாதிரிப் பணக்காரப் புரவலரைத் தேடுவதா? அவர் வேறு ஒன்று யோசித்தார். ஓவியம் விற்காவிட்டால் கைவினைப் பொருள் விற்கும், அந்தக் காசில் ஓவியம் வரையலாம் என்று.

1960-களின் தொடக்கத்தில் கலைஞர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் ஏற்படுத்தினார்கள். முக்கியமாகச் செய்தது பாத்திக் துணி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மெழுகை உருக்கித் துணியில் கோடு இழுப்பார்கள். துணியைச் சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் கோடு வெளியே வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். மெழுகில் விழுந்த விரிசல் வழியாகச் சாயம் நுழைந்து நூல் நூலாக ஓடுமே, அந்த அழகை இயந்திரத்தில் கொண்டுவர முடியாது. இதோடு தோல், மரம், உலோகம், மண்பாண்டம் என்றும் செய்தார்கள். சென்னையில் கண்காட்சி வைத்து விற்றார்கள். நன்றாக விற்றது.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது. விற்ற காசை ஆளுக்குப் பங்கு போட்டுச் செலவழித்துவிடவில்லை. ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்தார்கள். அதில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். முப்பது நாற்பது கலைஞர்கள். அந்த இடம் அன்றைக்கு வெறும் மணல் மேடு. கிழக்குக் கடற்கரைச் சாலை, பங்களா, உணவகம் எதுவும் இல்லாத காலம். முதலில் வந்தவர்கள் கீற்றுக் கொட்டகைகளில் இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டினார்கள். பணிக்கர் 1967-இல் ஓய்வு பெற்று அங்கேயே வந்துவிட்டார்.

நம் குடியிருப்பில் ஜெனரேட்டர் வாங்க எத்தனை கூட்டம் போட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். நாற்பது ஓவியர்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கொள்கை, சேர்ந்து பத்திரப் பதிவு வரை போயிருக்கிறார்கள்! வங்கிக்காரன் கண்ணில் இது கூட்டுறவுச் சங்கம். சொந்த உழைப்பில் முதல், கடன் இல்லை, கண்ணெதிரே சொத்து. இன்று அந்தச் சாலையில் நிலத்தின் விலை என்ன என்று ரியல் எஸ்டேட் செய்யும் நம் மூன்றாவது மாடி அண்ணனைக் கேளுங்கள்.

அந்தக் கிராமத்தில் பெண்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், என்னிடம் கேட்டது பெண் பிள்ளையின் அம்மா என்பதால். சிற்பி அனிலா ஜேக்கப் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர். அர்னவாஸ் செப்புத் தகட்டில் வேலை செய்தவர். வெயிலில் உலோகம் தட்டும் வேலை ஆணுக்குத்தான் என்று அன்றைக்கே அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

நல்லதை மட்டும் சொன்னால் அது டெபாசிட் பிடிக்க வரும் ஏஜென்ட் பேச்சாகிவிடும். கைவினை செய்வதால் கலை கெட்டுப்போகும் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. காலையெல்லாம் துணிக்குச் சாயம் போட்டுவிட்டுச் சாயங்காலம் தன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் கை வருமா என்ற கேள்வி நியாயமானதுதான். சிலர் இடத்தை விட்டுப் போனார்கள். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸ் போனார்கள், அங்கே பெயர் பெற்றார்கள். எஸ்.ஜி. வாசுதேவ் பெங்களூருக்குப் போனார். ராமானுஜம் என்று ஒரு அபாரமான ஓவியர், கனவில் வரும் கோட்டைகளும் கோபுரங்களுமாகப் பேனாவில் வரைந்தவர். மனநோயோடு போராடியவர். அந்தக் கிராமம் அவருக்கு இடம் கொடுத்தது, ஆனால் 1973-இல் இளம் வயதிலேயே அவர் போய்விட்டார். வயிற்றுக்கு வழி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுக்கு வழி செய்வது ஒரு வேலை. மனசைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. அந்த இரண்டாவதில் வீட்டில் இருக்கும் நமக்குப் பங்கு அதிகம்.

பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது. 2009-இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தார்கள். அடுத்த முறை சென்னை போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், முதலைப் பண்ணை எங்கும் ஓடிப்போகாது.

எல்லோரும் நிலம் வாங்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அதனால் இன்னொருவர் கதை. கே.எம். ஆதிமூலம். 1938-இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். விவசாயக் கிராமத்துப் பிள்ளை. சென்னைக் கல்லூரியில் படித்து முடித்ததும் நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மத்திய அரசின் கைத்தறித் துறை நடத்துவது. சேலைக்குக் கரை, முந்தானைக்கு டிசைன், நெசவாளருக்கு மாதிரி வரைந்து கொடுக்கும் உத்தியோகம். அங்கே நீண்ட காலம் இருந்தார். ரெட்டப்ப நாயுடு, பின்னால் டிராட்ஸ்கி மருது எல்லாம் அதே மையத்தில் வேலை பார்த்தவர்கள்தான். நாம் தீபாவளிக்கு எடுத்த சேலையில் ஒரு பெரிய ஓவியரின் கை இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்?

அந்த வேலையில் இருந்துகொண்டே 1969-இல், காந்தி நூற்றாண்டுக்கு, ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். சிறு பத்திரிகைகளுக்கு அட்டை வரைந்தார், புத்தகத் தலைப்புகளுக்கு எழுத்து வரைந்தார், கி. ராஜநாராயணன் எழுத்துக்குப் படம் போட்டார். சிறு பத்திரிகைக்காரர்கள் என்ன கொடுத்திருப்பார்கள்? டீ கொடுத்திருப்பார்கள். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால் அவரால் காசு பார்க்காமல் வரைய முடிந்தது. பிற்காலத்தில் அவருடைய வண்ண ஓவியங்கள் நல்ல விலைக்குப் போயின. அது வரும் வரைக்கும் வீட்டு வாடகையை நெசவாளர் சேவை மையம் கொடுத்தது. வெளிநாட்டில் வான்கோவுக்கு அவர் தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார். நம் ஊர் ஓவியர்களுக்குத் தம்பி வேலையை ஒரு அரசு அலுவலகம் பார்த்திருக்கிறது.

வேலை பார்த்தால் கலை செத்துவிடும் என்று சொல்லும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். வேலை என்றாலே கலை இல்லை என்று சொல்லும் அப்பாக்களுக்கு கோபுலு. 1924-இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்குப் படம் போட்டவர் என்றால் இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். நல்ல பெயர் இருந்தபோதே பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார், 1972-இல் சொந்தமாக ஒரு விளம்பர நிறுவனம் ஆரம்பித்தார். பிஸ்கட்டுக்கும் பற்பசைக்கும் வரைவது இழிவு என்று அவர் நினைக்கவில்லை. வயதான காலத்தில் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் வரையப் பழகிக்கொண்டு தொடர்ந்தார். 2015-இல் காலமாகும்போது தொண்ணூறு வயது.

இவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், எங்களுக்குச் சரிப்படுமா என்று நினைப்பீர்கள். பெயர் தெரியாத ஒருவரைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் வாடிக்கையாளர். கடைப் பலகை, லாரி முதுகு, கட்சிச் சுவர், சினிமா கொட்டகை, எல்லாம் அவர் கைதான். எங்கள் கிளையின் பெயர்ப் பலகையே அவர் எழுதியது. தேர்தல் வந்தால் பத்தாயிரம் ரூபாயோடு வருவார், ஆடி மாதம் வந்தால் நூறு ரூபாய் எடுக்க வருவார். வீடு கட்டக் கடன் கேட்டார். சம்பளச் சான்று எங்கே என்றது வங்கி. இல்லை. விண்ணப்பம் திரும்பிவிட்டது. தன் கையால் எழுதிய பலகைக்குக் கீழேதான் அவர் அன்று இறங்கிப் போனார்.

ஆனால் அவர் பாஸ்புக்கில் நான் கவனித்தது வேறு. காசு வந்த அன்றைக்கே ஒரு பகுதியை ரெக்கரிங் டெபாசிட்டுக்கு ஆறு மாதத் தவணையாகச் சேர்த்துக் கட்டிவிடுவார். "வேலை இல்லாத மாசத்துக்கு நானே எனக்குச் சம்பளம் போட்டுக்கறேங்க" என்பார். பிளெக்ஸ் பேனர் வந்து ஊரில் பலகை எழுதுகிறவர்கள் எல்லாம் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தபோது, கையிருப்பு இருந்ததால் அவர் ஒரு வருஷம் தாக்குப்பிடித்து, கம்ப்யூட்டரில் டிசைன் செய்யக் கற்றுக்கொண்டார். பிளெக்ஸ் கடைக்கே வடிவமைப்பாளர் ஆனார். கற்றுக்கொள்ள அவருக்கு மூளை மட்டும் போதவில்லை, ஒரு வருஷச் சோறும் வேண்டியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து படம் போடுகிறதே, இனி எதற்கு ஓவியர் என்று கேட்கும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்வேன். கருவி மாறும். மாறும்போது கையில் ஒரு வருஷத்துக்குக் காசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி அந்தப் பிள்ளையின் விஷயம். அரசுக் கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. நாலு வருஷப் படிப்பு. சென்னைக் கல்லூரியின் வேர் 1850 வரைக்கும் போகிறது. அங்கே ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை. காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, பீங்கான், அச்சு ஓவியம் எல்லாம் உண்டு. மரபுவழிச் சிற்பம், ஓவியம் வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டுவதோடு ஒப்பிட்டால் இங்கே கட்டணம் மிகக் குறைவு. விடுதி, சாப்பாடு, வண்ணம், தாள், துணிச்சட்டம் இதற்குத்தான் செலவு. அதிலும் வண்ணம் சாமானியமாக வாங்க முடியாது. தேவையென்றால் கல்விக் கடன் இருக்கிறது. நாலு லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதை மறக்க வேண்டாம். கலைப் படிப்புக்குக் கடன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. கடன் தவணை இருந்தால் முதல் ஐந்து வருஷம் பிள்ளை வருகிற வேலையை எல்லாம் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும்.

அரசு வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டார். ஓவிய ஆசிரியர் வேலையை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள் என்றேன். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 12,500-க்குக் கொண்டுவருவதற்குள் அவர்கள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். நிரந்தரம் கேட்டு இன்னும் போராடியவர்கள் அவர்கள். அந்த வேலையைக் குறைத்துப் பேசவில்லை. அதை மட்டும் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்கிறேன்.

அனிமேஷன், விளையாட்டுச் செயலி, குழந்தைகள் புத்தகம், துணி அச்சு, பொட்டல வடிவமைப்பு, சினிமாவில் கலை இயக்கம் என்று வரையத் தெரிந்தவர் தேவைப்படும் இடங்கள் சில்பி காலத்தில் இருந்ததைவிட இன்று அதிகம். நிரந்தரச் சம்பளம்தான் குறைவு. ஆகவே காகிதம் படிக்கத் தெரிய வேண்டும். இதைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களோ இல்லையோ, நான் சொல்கிறேன்.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். ஒருவர் காசு கொடுத்து உங்களை ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் முதல் பதிப்புரிமை சொன்னவருக்குத்தான், வரைந்தவருக்கு இல்லை. பலருக்கு இது தெரியாது. ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் நிலைமை மாறிவிடும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று போடாவிட்டால், ஐந்து வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதனால்தான் எதிராளி தயாராகக் கொண்டுவரும் தாளில் "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குத் தனி விலை கேளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஓவியத்தின் மூலப்பிரதி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும்போது அதில் ஓவியருக்குப் பங்கு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, பத்து சதவீதத்துக்கு மிகாமல். 53-ஏ பிரிவு. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

நிறுவனங்கள் பணம் கொடுக்கும்போது பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு கொடுக்கும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பிள்ளைகள் "எனக்குத்தான் வரியே இல்லையே" என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், காசு அங்கேயே கிடக்கிறது. மூன்று வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் நான் சொன்ன அந்தப் பலகை ஆர்ட்டிஸ்ட் மாதிரி வெறுங்கையோடு வங்கிப் படி இறங்க வேண்டியதில்லை. சம்பளச் சான்று இல்லாதவருக்கு அதுதான் சான்று.

முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வரையச் சொன்னா எப்படி அங்கிள் கேக்கறது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஔவையாரே வாயிற்காவலனிடம்தான் சண்டை போட்டிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா இன்னும் முழு மனதாக இல்லை. ஆனால் கும்பகோணத்துக்கு விண்ணப்பம் போட ஒத்துக்கொண்டிருக்கிறார், சென்னை தூரம் என்கிறார். நாலாவது வருஷ முடிவில் என்ன செய்வாள் என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், ஓரத்தில் பூனைப் படம். நுழைவுக்கு வரைதல் தேர்வு உண்டு என்பதால் தினமும் காலையில் நம் வாசல் செக்யூரிட்டி தாத்தாவை உட்கார வைத்து வரைகிறாள். அவரும் இப்போது சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறார்.

வேறு வீட்டிலும் இப்படிப் பேச்சுவார்த்தை நின்றிருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். கல்விக் கடன் படிவம், ரிட்டர்ன் படிவம், ஒப்பந்தத் தாள் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். செயலாளர் இரண்டாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆறாம் வகுப்புக்குக் கீழ் உள்ளவர்களுக்கான முதல் பரிசை அறிவிக்க அவரை அழைக்கிறேன்.